பணம், திருமணம், மகிழ்ச்சி: மூன்று கேள்விகளில் ஒரு பாடம்

பதினோராம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடத்தில் ஒட்டுறவு என்றொரு பகுதி வருகிறது. இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறுகின்றனவா, ஒன்று ஏற மற்றொன்று இறங்குகிறதா என்பதை ஓர் எண்ணில் சொல்லும் பகுதி அது. சூத்திரத்தை மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். கெழுவைக் கண்டுபிடித்த பிறகு அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

நுங்கு விற்பனை கூடும் மாதங்களில் மின்விசிறி விற்பனையும் கூடும். நுங்கு தின்றதாலா மின்விசிறி வாங்கினார்கள் என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். இரண்டுக்கும் காரணம் வெயில் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே தவறு வாழ்க்கையைப் பற்றிய பேச்சில் வரும்போது நம்மில் யாரும் சிரிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பகுதியை நடத்தப் பணம், திருமணம், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

இந்த வயதில் நம் மாணவர்கள் வீட்டில் கேட்கும் இரண்டு பெரிய பேச்சுகளும் இவைதான். "படித்தது போதும், வேலைக்குப் போனால் காசாவது வரும்" என்பது ஒன்று. "நல்ல இடம் வந்திருக்கிறது, முடித்துவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே மகிழ்ச்சியின் பெயரால் சொல்லப்படுகின்றன. அந்தப் பேச்சை எடைபோட்டுப் பார்க்கும் திறனைப் பள்ளி தராவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

பாடத்திற்கு முன்

கரும்பலகையில் நான்கு வழக்குகளை எழுதினேன். பணம் பத்தும் செய்யும். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து. ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார். எது சரி என்று கேட்டதும் வகுப்பு நான்காகப் பிரிந்தது. விடுமுறையில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு மாணவன் எழுந்து, "காசு இருந்தாத்தான் சார் நிம்மதி. இல்லாதவங்க வீட்டுல வந்து பாருங்க" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வருமானம், பெற்றோரின் மணவாழ்க்கை, மாணவரின் சொந்த மகிழ்ச்சி ஆகியவற்றை வகுப்பில் கேட்கவே கூடாது. பெயர் எழுதாத சீட்டிலும் வேண்டாம். கையெழுத்தை வைத்தே பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையும், பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். கற்பனை எண்களும் வெளிவந்த ஆய்வுகளுமே இந்தப் பாடத்திற்குப் போதும்.

முதல் கேள்வி: எதைக் கேட்டார்கள்?

மகிழ்ச்சியை எடைக்கல் வைத்து அளக்க முடியாது. மக்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். அப்படிக் கேட்பதற்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன.

ஒன்று ஏணிக் கேள்வி. ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் உருவாக்கியது. கீழே 0, மேலே 10 என்று எண்ணிட்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இந்த ஏணிக் கேள்விக்கு வந்த விடைகளைக் கொண்டே அமைகிறது. பின்லாந்து முதலிடம் என்று செய்தி வரும்போது, அந்நாட்டினர் அதிகம் சிரிக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. தம் வாழ்க்கையை உயர்ந்த படியில் வைக்கிறார்கள் என்பதுதான் பொருள்.

இரண்டாவது, நேற்றைய நாளைப் பற்றிய கேள்வி. நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, மனஅழுத்தம் இருந்ததா என்று கேட்பது.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும், பின்னர் அதே பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் அமெரிக்கர்களின் 4,50,000-க்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்தார்கள். வருமானம் கூடக் கூட ஏணிப்படி ஏறிக்கொண்டே போனது. நேற்றைய நாளின் மகிழ்ச்சியோ ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரை எட்டியதும் ஏறாமல் நின்றது. "75,000 டாலருக்கு மேல் பணத்தால் மகிழ்ச்சி இல்லை" என்று உலகமெங்கும் செய்தி பரவியது. ஏணியைப் பற்றிய பாதி செய்தியில் காணாமல் போனது.

2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் வேறொரு முறையைக் கையாண்டார். 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் அன்றாடம் பல வேளைகளில் கைப்பேசி வழியாக, "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். விடையை ஆம், இல்லை என்று வாங்காமல் ஒரு நீண்ட அளவுகோலில் குறிக்கச் சொன்னார். 75,000 டாலரைத் தாண்டியும் மகிழ்ச்சி கூடிக்கொண்டே போவதாக அவருக்குத் தெரிந்தது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள். அடுத்து நடந்ததை மாணவர்களுக்கு நான் விரிவாகச் சொல்வேன். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸ் என்ற பேராசிரியரை நடுவராக வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 2023-இல் மூவரும் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது; ஏற்கெனவே மிகவும் வருத்தத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

முதல் ஆய்வில் கோடு ஏன் தட்டையானது? ஆசிரியர்களான நமக்கு இது உடனே புரியும். மிக எளிதான வினாத்தாள் கொடுத்தால் வகுப்பில் பாதிப்பேர் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். அவர்களுக்குள் யார் அதிகம் கற்றவர் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. யார் பின்தங்கியிருக்கிறார் என்பதை மட்டுமே அது காட்டும். "நேற்று சிரித்தீர்களா?" என்ற கேள்வியும் அப்படித்தான். பெரும்பாலோர் ஆம் என்று சொல்லிவிட்டதால், அதற்கு மேலுள்ள வேறுபாட்டை அதனால் காட்ட முடியவில்லை. அளவுகோல் முடிந்த இடத்தை மகிழ்ச்சி முடிந்த இடமாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் கேள்வி: யாரோடு ஒப்பிட்டார்கள்?

லாட்டரியில் பரிசு விழுந்தவர்களும் விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்போம். அது 1978-இல் பிலிப் பிரிக்மனும் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி வென்ற 22 பேர், அவர்களின் அக்கம்பக்கத்தில் வசித்த 22 பேர், விபத்தில் செயலிழந்த 29 பேர் ஆகியோரிடம் கேட்டார்கள். 0 முதல் 5 வரையிலான அளவில் தற்போதைய மகிழ்ச்சியின் சராசரி முறையே 4.00, 3.82, 2.96.

இந்த மூன்று எண்களை மட்டும் பலகையில் எழுதி, மேடைப்பேச்சு சரியா என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவார். விபத்தில் சிக்கியவர்களின் சராசரி மற்ற இரு குழுக்களையும்விடத் தெளிவாகக் குறைவு. பலர் எதிர்பார்க்கும் அளவுக்கு அது பாதாளத்துக்குப் போய்விடவில்லை என்பதே வியப்பு. லாட்டரி வென்றவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இடையிலான வேறுபாடு சிறியது. அதுவும் 22 பேரை ஒரே ஒருமுறை கேட்டுப் பெற்றது. இவ்வளவு சிறிய கூறை வைத்துப் பெரிய முடிவுக்கு வரலாமா என்பது புள்ளியியலின் அடிப்படைக் கேள்வி.

பிற்பாடு சுவீடனில் எரிக் லிண்ட்க்விஸ்டும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும், லாட்டரி சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களை, பரிசு விழுந்து பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். அக்கட்டுரை 2020-இல் வெளிவந்தது. பெரிய தொகை வென்றவர்களின் வாழ்க்கை நிறைவு கூடியிருந்தது. பத்தாண்டுக்குப் பிறகும் அது தேய்ந்துவிடவில்லை. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் தெரிந்த மாற்றம் அதைவிடச் சிறியதாகவே இருந்தது. சீட்டு வாங்கியவரைச் சீட்டு வாங்கியவரோடு ஒப்பிட்டதால் இந்த முடிவுக்கு வலு அதிகம். யாருக்குப் பரிசு விழும் என்பதை அவருடைய உழைப்போ குணமோ தீர்மானிக்கவில்லை அல்லவா?

அதே வலுவுள்ள இன்னோர் ஆய்வு ஆப்பிரிக்காவில் நடந்தது. மேற்குக் கென்யாவின் ஏழைக் குடும்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்தார்கள். யோஹானஸ் ஹாஸ்ஹோஃபரும் ஜெரமி ஷபீரோவும் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, பணம் பெற்ற குடும்பங்களில் உணவு உள்ளிட்ட செலவும் கூடியது, மனநலமும் மேம்பட்டது.

இங்கே ஏழாம், எட்டாம் வகுப்பு விழுக்காடு கைகொடுக்கும். மாதம் 10,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டில் கூடுதலாக 5,000 ரூபாய் வந்தால் அது 50 விழுக்காடு உயர்வு. 1,00,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டில் அதே தொகை 5 விழுக்காடுதான். பல ஆய்வுகளில் வாழ்க்கை நிறைவு ரூபாய்க் கணக்கில் ஏறுவதைவிட விழுக்காட்டுக் கணக்கில் ஏறுவதுபோலவே தெரிகிறது. 10,000 இருபதாயிரம் ஆகும்போது ஏறும் அதே படியை ஏற, ஒரு லட்சம் இரண்டு லட்சம் ஆக வேண்டும். மடக்கை படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் கேள்வி: எது முதலில் வந்தது?

திருமணமானவர்கள் சராசரியாக அதிக நிறைவோடு இருப்பதாகப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இதைக் கேட்டவுடன், திருமணம் மகிழ்ச்சி தருகிறது என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். குடையும் மழையும் சேர்ந்துதான் வருகின்றன. குடை விரித்ததாலா மழை பெய்தது?

வகுப்புக்காக நான் உருவாக்கிய கற்பனை எண்கள் இவை. பத்துப் பேரிடம் 22 வயதிலும் 27 வயதிலும் ஏணிக் கேள்வி கேட்கப்பட்டது. இடையில் ஐவர் மணம் முடித்தார்கள்.

மணம் முடித்த ஐவர், 27 வயதில்: 7, 8, 7, 6, 7. சராசரி 7.
மணம் முடிக்காத ஐவர், 27 வயதில்: 5, 6, 6, 5, 5. சராசரி 5.4.

இந்த இரண்டு வரிகளை மட்டும் முதலில் காட்டி ஒரு முடிவை எழுதச் சொல்வேன். "திருமணத்தால் 1.6 படி கூடியது" என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதுவார்கள். பிறகு மறைத்து வைத்த வரிகளை எழுதுவேன்.

மணம் முடித்த ஐவர், 22 வயதில்: 7, 7, 8, 6, 7. சராசரி 7.
மணம் முடிக்காத ஐவர், 22 வயதில்: 5, 6, 5, 6, 5. சராசரி 5.4.

வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. 1.6 படி வேறுபாடு திருமணத்திற்கு முன்பே இருந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். மணம் முடித்த ஐவரில் ஒருவர் 7-லிருந்து 8-க்கு ஏறினார்; ஒருவர் 8-லிருந்து 7-க்கு இறங்கினார்; சராசரி அசையவில்லை. சராசரிக்குள் மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கற்பனை எண்கள் காட்டியதற்கு உண்மையான ஆய்வு உண்டு. ஜெர்மனியில் 1984 முதல் ஆண்டுதோறும் அதே மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ரிச்சர்ட் லூக்காஸும் அவரோடு மூவரும் 2003-இல் அதிலிருந்து 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பதினைந்து ஆண்டுத் தரவை ஆராய்ந்தார்கள். மணம் முடித்து மணவாழ்வில் நிலைத்தவர்கள், மணத்திற்கு முன்பே சராசரியைவிட நிறைவாக இருந்தவர்கள். திருமணத்தை ஒட்டி நிறைவு சற்று ஏறியது. சில ஆண்டுகளில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது. சிலர் ஏறிய படியிலேயே நின்றார்கள், சிலர் முன்பிருந்ததைவிடக் கீழே போனார்கள்.

அதே தரவை 2006-இல் ஆராய்ந்த அலாய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃபிரேயும் இன்னொன்றைக் கண்டார்கள். தம்பதியரின் கல்வி நிலையில் பெரிய இடைவெளி இருந்தால் அது வாழ்க்கை நிறைவைக் குறைக்கிறது. 2019-இல் ஷான் குரோவரும் ஜான் ஹெல்லிவெல்லும் பிரிட்டன் தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரை, மணத்திற்கு முந்தைய நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் திருமணத்தின் பயன் நீடிப்பதாகச் சொல்கிறது. துணையையே தம் நெருங்கிய நண்பராகக் கருதுபவர்களுக்கு அந்தப் பயன் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆக, விடை ஒரு சொல்லில் இல்லை. யாரை, எப்போது, எந்த நிலையில் மணந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இவை வளர்ந்தவர்கள் பெரும்பாலும் தாமே துணையைத் தேர்ந்துகொள்ளும் நாடுகளின் கணக்கு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பள்ளிப் பருவத்துப் பெண்ணுக்கு நடத்தப்படும் திருமணத்திற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதரவும் கிடையாது.

வகுப்புவாரியாக

நான்காம், ஐந்தாம் வகுப்பில் முந்தைய நாள் தங்களைச் சிரிக்க வைத்தது எது என்று படம் வரையச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கியது, வாங்காதது என்று படங்களை இரு பக்கமாக ஒட்டலாம். இரு பக்கமும் படங்கள் இருக்கும். அதற்கு மேல் நீதி சொல்ல வேண்டாம்.

ஆறு முதல் எட்டு வரை மேலே சொன்ன விழுக்காட்டுக் கணக்கு. ஒன்பது, பத்தில் லாட்டரி ஆய்வின் மூன்று சராசரிகள். பதினொன்று, பன்னிரண்டில் மறைத்துக் காட்டும் நான்கு வரிகளும் ஒட்டுறவும்.

மதிப்பீட்டிற்கு நான் கொடுக்கும் கேள்வி இது: "டியூஷன் செல்லும் மாணவர்கள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள்" என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. எதைக் கேட்டார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எது முதலில் வந்தது என்ற மூன்று கேள்விகளையும் இதற்குப் பொருத்துக. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களைத்தான் டியூஷனுக்கு அனுப்பினார்களா, கட்டணம் கட்ட முடிந்த வீட்டில் வேறு வசதிகளும் இருந்தனவா என்று எழுதுகிறவர் பாடத்தைப் பிடித்துவிட்டார்.

நாம் சொல்லக்கூடாத ஒன்று

இந்தப் பாடத்தின் முடிவில் "பணத்தில் இல்லை மகிழ்ச்சி" என்று ஓர் அறிவுரை சொல்ல நமக்கு நா துடிக்கும். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நாம், வாரக்கூலியில் அரிசி வாங்கும் வீட்டுப் பிள்ளையிடம் அதைச் சொல்வது முறையல்ல. ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. இல்லாத வீட்டில் பணத்திற்கு மிகுந்த வலிமை உண்டு என்றுதான் சொல்கின்றன. பனியன் கம்பெனிக்குப் போய்வந்த மாணவனிடம், "நீ சொன்னது சரிதான்" என்றேன். பிறகு அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இப்போது நின்றுவிட்டால் வரும் வாரக்கூலி, படித்து முடித்த பிறகு வரக்கூடிய சம்பளம், இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டுக்குத் தேவைப்படும் பணம் என்று மூன்று பத்திகள். முடிவை அவனும் அவன் பெற்றோரும்தான் எடுக்க வேண்டும்; எண்கள் அவர்கள் முன்னால் இருக்கட்டும்.

அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு வரியும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 10,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டிற்கு அது 10 விழுக்காடு. இந்த விழுக்காட்டை மாணவரே கண்டுபிடித்து வீட்டில் சொல்லும்போது, நம் பேச்சைவிட அது எடுபடுகிறது.

மாணவி ஒருவர் திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்று, வீட்டில் திருமணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் அது புள்ளியியல் விவாதத்திற்கான நேரம் அல்ல. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைவடைந்திருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லா வகுப்பறையிலும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். அந்த எண் தெரிந்த தோழி ஒருத்தி பக்கத்து இருக்கையில் இருப்பதே பல நேரங்களில் முதல் உதவி.

மூன்று கேள்விகளும் ஓர் அட்டையில் எழுதும் அளவுக்குச் சிறியவை. ஒட்டுறவுப் பாடம் தொடங்கும் வாரத்தில் அந்த அட்டையைப் பலகைக்கு மேல் மாட்டிவிட்டு, அன்றைய நாளிதழில் வந்த ஏதேனும் ஒரு தலைப்புச் செய்தியோடு தொடங்கிப் பாருங்கள். சூத்திரத்தை இரண்டாம் நாள் நடத்தினாலும் போதும்.